நாலாம் வாயில் சந்தனம்

ஆயுத பூஜைக்கு மறுநாள், சனிக்கிழமை. காலை ஒன்பதரை இருக்கும். செம்பூரில் என் பட்டறைக்கு வெளியே தசரா கொட்டு காதைப் பிளக்கிறது. நான் பூஜைப் பலகையிலிருந்து ரிலே வால்வு ஒன்றை எடுத்துத் துடைக்கிறேன். அலுமினிய உடம்பு, இரண்டு கைக்கும் அடங்குகிற கனம். துணி பட்டதும் குங்குமம் போய்விட்டது. சந்தனத்தின் மஞ்சள் மட்டும் போகவில்லை.

விரலை வைத்துப் பார்த்தேன். சந்தனம் வெளியே இல்லை. மேல்பக்கத்து ஓட்டைக்குள் இருந்தது, காய்ந்து கல்லாக.

பக்கத்தில் இருந்த இன்னொரு வால்வை எடுத்தேன். அதிலும் அதே கதை.

முந்தின நாள் பலகையில் மூன்று வால்வு வைத்திருந்தோம். மூன்றாவதை அன்று காலையில்தான் என் கையாலேயே ஒரு லாரியில் மாட்டி அனுப்பியிருந்தேன். அந்த லாரியை ஓட்டிப் போனது தங்கராசு அத்தான், என் பேச்சியக்காவின் புருஷன். போகிற இடம் நாசிக். திரும்பும்போது வெங்காய லோடோடு கசாரா மலை இறங்கணும்.

வால்வைக் கையில் பிடித்தபடியே எழுந்துவிட்டேன்.

அந்த 'புஸ்' எங்கிருந்து வருகிறது?

ஒரு பொட்டுச் சந்தனத்துக்கு இவன் ஏன் இப்படிக் குதிக்கிறான் என்று உங்களுக்குத் தோன்றும். அதனால் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் இந்தப் பத்தியில் கம்ப்ரசரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு மாட்டுங்காவிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவராம். "லாரி நின்னு கிளம்பறச்சே புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரதே, அது டயர்லேர்ந்தா?" என்று கேட்டார். இல்லை அம்மா. டயரிலிருந்து வந்தால் டிரைவர் அழுதுகொண்டு நிற்பார்.

லாரி பிரேக்கைப் பிடிக்க வைப்பது காற்று. டேங்கில் அடைத்து வைத்த காற்று. டிரைவர் மிதிக்கிற வால்வு முன்னால் கேபினுக்கு அடியில் இருக்கிறது. பின்சக்கரங்களோ எங்கேயோ கடைசியில். மிதித்த காற்று முழுக்க முன்னாலிருந்து நடந்து போய்ச் சேரணும் என்றால், முன்சக்கரம் பிடித்து முடித்த பிறகும் பின்சக்கரம் சும்மா உருண்டுகொண்டிருக்கும். அதற்காகத்தான் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ரிலே வால்வு. டேங்கிலிருந்து ஒரு தடித்த பைப் நேராக அதன் வாசலில் வந்து காத்திருக்கும். கால்மிதியிலிருந்து ஒரு ஒல்லிப் பைப் வரும். அதில் வருவது தகவல் மட்டும்.

தாராவியில் பேச்சியக்கா மேல்மாடியில் நின்று ஒரு சத்தம் போட்டால் கீழே கடைக்காரர் சாமானை எடுத்துப் படியில் வைப்பாரே, அது மாதிரிதான். சாமான் கீழேயே இருக்கிறது. போவது குரல் மட்டும்.

வால்வின் உடம்பில் எண்கள் போட்டிருக்கும். ஒன்று, டேங்கிலிருந்து காற்று வருகிற வாய். இரண்டு, சக்கரத்துக்குப் போகிற வாய். மூன்று, வேலை முடிந்த காற்று வெளியே போகிற வாய். நாலு, அந்த ஒல்லிப் பைப் வந்து சேருகிற வாய். நாலில் காற்று வந்ததும் உள்ளே இருக்கிற பிஸ்டன் இறங்கும். மூன்றை அடைக்கும், ஒன்றைத் திறக்கும். முன்னால் எவ்வளவு மிதித்தாரோ அவ்வளவு காற்று பின்சக்கரத்துக்குப் போகும். காலை எடுத்ததும் பிஸ்டன் ஏறும், ஒன்று மூடும், சக்கரத்தில் இருந்த காற்று மூன்று வழியாக வெளியே பாயும். அம்மா கேட்ட 'புஸ்' அதுதான்.

நாலாம் வாயில் சந்தனம் அடைத்துக்கொண்டால்? மிதித்த தகவல் போகாது. கசிந்து கசிந்து போனாலும், போனது சீக்கிரம் திரும்பாது. மிதித்ததும் பின் பிரேக் வராது, வந்தால் விடாது. முன்சக்கரத்துக்குத் தனி வழி என்பதால் காலி வண்டி அதை வைத்தே நின்றுவிடும். தட்டையான ரோட்டில் டிரைவருக்குப் பெரிதாகத் தெரியாது. லோடோடு மலை இறங்கும்போது தெரியும். அப்போது தெரிந்து என்ன செய்ய?

இரண்டு ஆள் சட்டம்

எனக்கு வால்வு வேலையை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. குர்லாவில் பழைய இரும்புக் கடையில் செத்த வால்வுகளை எடைக்கு வாங்கி வந்து, நானே பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டது. முதல் வால்வைப் பிரித்தபோது அடிமூடியின் லாக் வளையத்தைக் கையால் அழுத்திப் பிடிக்காமல் கழற்றினேன். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது என்று எனக்கு என்ன தெரியும்? படாரென்று பறந்து பக்கத்து வடைக்கடை மாவுச் சட்டியில் போய் விழுந்தது. கடைக்காரர் கேரளத்து ஆள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வடை மட்டும் கொடுத்தார்.

அப்படி அடிபட்டு அடிபட்டுச் சில சட்டங்கள் வைத்திருக்கிறேன். வால்வைப் பெட்ரோல், மண்ணெண்ணெயில் கழுவி அப்படியே ரப்பரைப் போடக்கூடாது, ரப்பர் ஊதிப் போகும். கிரீஸ் என்றால் கிட்டோடு, அதாவது புது ரப்பர் செட்டோடு, வருகிற கிரீஸ்தான், கையில் கிடைத்ததை அப்பக்கூடாது. டிரைவர் தினமும் டேங்க் அடியில் இருக்கிற சங்கிலியை இழுத்து, காற்றோடு வந்து சேர்கிற தண்ணீரை வெளியேற்றணும். அது உள்ளேயே கிடந்தால் வால்வுக்குள் போய் அரித்துவிடும். காலை எடுத்திருக்கும்போதே மூன்றாம் வாயில் தடவிய சோப்புத் தண்ணீர் நுரைத்துப் பொங்கினால் டேங்க் பக்கத்து ரப்பர் காலி. மிதிக்கும்போது மட்டும் பொங்கினால் மூன்றை அடைக்கிற ரப்பரையும் பிஸ்டன் வளையத்தையும் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம். வால்வு மாட்டிய பிறகு ஒருத்தர் மிதிக்கணும், ஒருத்தர் அடியில் படுத்துக் கேட்கணும். என் பட்டறையில் படுத்துக் கேட்பவன் பாண்டு. செம்பூர்க்காரன், மராட்டி, என் வயசுதான். "ஆலா" என்று அவன் குரல் கொடுத்தால்தான் வண்டி நகரும். ஆலா என்றால் வந்தாச்சு.

அந்தச் சனிக்கிழமை பாண்டு லீவு. தசராவுக்கு வீட்டில் விருந்து.

அத்தான் காலை ஏழரைக்கே வண்டியைக் கொண்டுவந்துவிட்டார். பழைய வால்வில் மூன்றாம் வாய் நிற்காமல் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. பிரித்துக் கிட் போட நேரமில்லை. ஒன்பது மணிக்கு ராகு காலம்.

"மாப்ள, ஒம்பதுக்கு முன்ன வண்டி நகந்துரணும். பூஜை போட்ட பொறவு மொத ஓட்டம்லா" என்றார் அத்தான்.

பலகையில் இருந்த மூன்றில் ஒன்றை எடுத்தேன். வியாழக்கிழமையே புது கிட் போட்டு, பெஞ்சில் காற்று விட்டுச் சோதித்து வைத்த வால்வு. பொட்டும் பூவுமாகக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. வாயில் தெரிந்த மஞ்சளையும் பொட்டு என்றே நினைத்து, அப்படியே பைப்பைத் திருகி மாட்டினேன். கேபினில் ஏறி மிதித்தேன், விட்டேன். வெளியே ஒரே கொட்டுச் சத்தம். அதற்கு நடுவிலும் 'புஸ்' என்று கேட்டது.

"ஆச்சு அத்தான். போயிட்டு வாங்க."

எனக்குக் கேட்டது கேபினுக்கு அடியில் இருக்கிற கால்மிதி வால்வு விட்ட புஸ். பின்னால் இருக்கிற புஸ் இல்லை. இது தெரியாதவனா நான்? அத்தான் அங்கேதான் நின்றார், கூப்பிட்டு மிதிக்கச் சொல்லிவிட்டு நான் படுத்துக் கேட்டிருக்கலாம். வண்டிக்கு மாலை கட்டிக்கொண்டிருக்கிற மனுஷனை ஏன் தொந்தரவு செய்யணும் என்று நினைத்தேன். பச்சையாகச் சொன்னால், திமிர். எனக்குத் தெரியாததா என்கிற திமிர்.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் முன்னால் கிளம்பியது. நானும் கும்பிட்டு நின்றேன்.

மூடி எங்கே?

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. தப்பு நடந்தால் முதலில் வாய்தான் ஓடும், மூளை பின்னால் மெதுவாக வரும். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரி வடிவு இட்லித் தூக்கோடு உள்ளே வந்தாள்.

"ஏட்டி! யாருட்டி இதுக்குள்ள சந்தனத்த அப்புனது? ஒனக்கு அறிவிருக்கா?"

அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு வால்வை வாங்கிப் பார்த்தாள்.

"நான்தான் வச்சேன். எல்லாத்துக்கும் பொட்டு வையின்னு நீங்கதான சொன்னிய? வருசா வருசம் வைக்கேன். இந்த எடத்துல செவப்பு மூடி ஒண்ணு இருக்கும், அதுமேல வைப்பேன். நேத்து மூடி எங்க போச்சு?"

நான் மூலையைத் திரும்பிப் பார்த்தேன்.

வால்வைச் சோதித்து முடித்ததும் எல்லா வாய்க்கும் பிளாஸ்டிக் மூடி போட்டுவிடுவோம், தூசி போகாமல் இருக்க. அந்த மூடிகள் கிரீஸ் பிடித்துக் கறுப்பாகக் கிடந்தன. பூஜைக்கு வால்வு பளபளவென்று இருக்கட்டும் என்று வெள்ளிக்கிழமை நான்தான் எல்லாவற்றையும் கழற்றி ஒரு வாளிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். வாளி மூலையில் அப்படியே இருந்தது. மூடிகள் அதில் மிதந்துகொண்டிருந்தன.

சந்தனமும் சாதாரணச் சந்தனம் இல்லை. மாட்டுங்காவுக்கே போய்க் கேட்டு வாங்கி வந்தது. நல்ல சரக்கு, அதனால்தான் அப்படிப் பிடித்துக்கொண்டது.

இன்றைக்கும் என் பட்டறையில் பூஜைப் பொட்டு மூடி மேல்தான். மூடி அழுக்காக இருந்தால் அழுக்கு மேலேயே பொட்டு. சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

பேச்சியக்கா

அத்தானுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. எடுக்கமாட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தால் போனை டப்பாவில் போட்டு மூடிவிடுகிற ஆள். நல்ல பழக்கம் என்று நானே நாலு பேரிடம் புகழ்ந்திருக்கிறேன்.

வேறு வழியில்லாமல் அக்காவுக்குப் போட்டேன்.

"அக்கா, அத்தான் போன் பண்ணுனாரா?"

"இல்லையே. எதுக்குல?"

"சும்மாதான்க்கா."

"சும்மா போன் பண்ணுற ஆளால நீ? ஏல சேர்மா, என்ன ஆச்சு? மறைக்காம சொல்லு."

சொன்னேன். மூடி, சந்தனம், பாண்டு லீவு, ஒற்றை ஆளாக மிதித்தது, எல்லாம். அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று கேட்டது. இரண்டாவது விசிலும் கேட்டது. அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள், சயானில் காலேஜ் படிக்கிறார்கள். வீட்டில் சம்பாதிப்பது அத்தான் ஒருத்தர்தான். இதெல்லாம் அவள் சொல்லவில்லை, எனக்கே ஓடியது.

"முலுண்டு செக் நாக்கா பக்கத்துல ஓரங்கட்டி டீ குடிப்பாரு. எங்க அவசரமா போனாலும் குடிப்பாரு. இப்பவே போல."

பலகையிலிருந்த ஒரு வால்வின் மேல்பாதியைப் பிரித்தேன். நாலாம் வாயைக் கழுவி, பின்னாலிருந்து காற்றடித்துச் சுத்தம் செய்து, திரும்ப மூட்டிப் பெஞ்சில் மூன்று தடவை சோதித்தேன். வாளியிலிருந்து மூடிகளை எடுத்து உதறிப் போட்டேன். ஸ்கூட்டரில் நான் முன்னால், வடிவு பின்னால். ஒரு கையால் வால்வைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அத்தானுக்குப் போன் அடித்தபடியே வந்தாள்.

"ராகு காலத்துல கெளம்புறோம்" என்றாள்.

"இனிமே ஆக என்ன இருக்கு?"

ஹைவேயில் ஏறிய பிறகுதான் இன்னொரு கஷ்டம் தெரிந்தது. தசரா அன்றைக்கு எல்லா லாரிக்கும் செவ்வந்தி மாலை, மாவிலை. நம்பர் பிளேட்டே தெரியாமல் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு லாரிக்குப் பக்கத்திலும் போய் எட்டிப் பார்த்தேன். ஒருத்தன், "க்யா தேக் ரஹா ஹை பே?" என்று கத்தினான். என்னடா பார்க்கிறாய் என்றால் என்னவென்று சொல்ல? பின்னாலிருந்து வடிவுதான் கண்டுபிடித்தாள். "அந்தா, முருகன் துணைன்னு தமிழ்ல எழுதியிருக்கு!"

வண்டி ஓரமாக நின்றது. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல். அடியிலிருந்து இரண்டு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அத்தானின் கால். ஆடவில்லை, அசையவில்லை.

என் உயிர் என்னிடம் இல்லை. அப்புறம் வலது கால் இடது காலைச் சொறிந்தது.

"யாரு வச்சது?"

அத்தான் வெளியே வந்தார். கையில் ஸ்பேனர். சட்டையெல்லாம் மண்.

"விக்ரோலி பாலம் எறங்கும்போது மிதிச்சேன் மாப்ள. வண்டி மூக்கக் குத்துச்சு, முன்னாடி மட்டும் பிடிக்கி. கால எடுத்தா பின்னால விடல, இழுக்கி. இங்க நிறுத்திப் பின்சக்கரத்து பிரேக் டிரம்மத் தொட்டா நெருப்பு. அது போக, கேபினுக்குள்ள ஒரே சந்தன வாசம். நான் ஊதுவத்தின்னு நெனச்சேன். ஊதுவத்தி எப்பமோ அணைஞ்சு போயிருந்தது."

காலை எடுத்ததும் ஒல்லிப் பைப்பில் இருக்கிற காற்று கால்மிதி வழியாகத்தானே வெளியே போகணும்? வாசம் அங்கேயிருந்து வந்திருக்கிறது. முப்பது வருஷமாக வால்வு பிரிக்கிறேன், இப்படி ஒரு அறிகுறியை எந்த வண்டியிலும் பார்த்ததில்லை.

அவர் ஒல்லிப் பைப்பைக் கழற்றியிருந்தார். விரலை நீட்டினார். நுனியில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"இத யாரு வச்சது?"

வடிவு என் பின்னால் வால்வோடு நின்றாள்.

"நான்தான் அத்தான்" என்றேன்.

அத்தான் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். விரலில் இருந்த சந்தனத்தை என் நெற்றியில் ஒரு தேய் தேய்த்தார். கொஞ்சம் அழுத்தித்தான் தேய்த்தார், வலித்தது.

"நல்லா இரு" என்றார்.

டேங்க் காற்றை முழுக்க இறக்கினோம். காற்று இருக்கும்போது வால்வில் கைவைக்கக்கூடாது. சந்தனம் அடைத்ததைக் கழற்றி, கொண்டுவந்ததை மாட்டினேன். ஒல்லிப் பைப்பையும் ஊதிச் சுத்தம் செய்தேன். எஞ்சினை ஓடவிட்டுக் காற்று நிரப்பி, அத்தான் மிதிக்க, நான் மண்ணில் மல்லாந்து படுத்துக் கேட்டேன்.

"கேட்டுதா?"

"கேட்டுது."

பத்துத் தடவை மிதிக்கச் சொன்னேன். பத்துத் தடவையும் என் முகத்துக்கு நேரே, புஸ், புஸ் என்று தாமதமில்லாமல் விட்டது. வடிவு பாட்டிலில் சோப்புத் தண்ணீர் கரைத்துத் தந்தாள். எந்த வாயிலும் ஒரு குமிழி இல்லை.

அப்போது அக்கா போனில் வந்தாள். வடிவு போனை என் காதில் வைத்தாள்.

"மாத்தியாச்சா?"

"ஆச்சுக்கா."

"இப்ப சரியா இருக்கா?"

"சரியா இருக்குக்கா. பத்துத் தடவ பாத்தாச்சு."

"அப்ப நீயும் வண்டில ஏறு."

"நான் எதுக்குக்கா? பட்டறைய..."

"சரியா இருக்குன்னு சொன்னேல்லா? ஏறு. அவரு கூடவே போயி, அவரு கூடவே மலை எறங்கி வா."

போனை வைத்துவிட்டாள். நான் வடிவைப் பார்த்தேன். அவள் என் சட்டைப் பையில் கைவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"நான் ஓட்டிட்டுப் போயிருவேன். நீங்க ஏறுங்க" என்றவள், ஸ்டார்ட் செய்த பிறகு திரும்பிப் பார்த்து, "வீட்டுக்கு வாங்க. அறிவிருக்கான்னு கேட்டியல்லா, அதப் பேசணும்" என்றாள்.

கசாரா

ஞாயிற்றுக்கிழமை மதியம், வெயில் நன்றாக அடிக்கிறது. பின்னால் வெங்காய மூட்டை அடுக்கு. கேபின் முழுக்க வெங்காய நாற்றம். மலை இறங்குவதற்கு முன் அத்தான் வண்டியை நிறுத்திச் சக்கரங்களைத் தட்டிப் பார்த்தார். நானும் அடியில் போய் ஒரு முறை பார்த்துவிட்டு வந்தேன்.

ஊரில் உள்ள வண்டிக்கெல்லாம் வால்வு மாட்டியிருக்கிறேன். அந்த வால்வை நம்பி ஒரு மலை இறங்கியது அதுதான் முதல் தடவை. பயந்தேன். வெளியே தெரியாமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எத்தனை டிரைவர்கள் என் ஒற்றைச் சொல்லை நம்பி இந்த வளைவில் திரும்பியிருப்பார்கள் என்று அப்போதுதான் நினைத்தேன்.

அத்தான் கியரைக் குறைத்தார். முதல் வளைவு வந்தது.

"மிதிக்கேன் மாப்ள."

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் காதைப் பின்பக்கம் திருப்பினேன். வண்டி அப்படியே பின்னாலிருந்து பிடித்தது, மூக்குக் குத்தவில்லை. காலை எடுத்தார். பின்னால் புஸ்.

"கேட்டுதா?"

"கேட்டுது அத்தான்."

ஒவ்வொரு வளைவுக்கும் அவர் கேட்டார், ஒவ்வொரு வளைவுக்கும் நான் சொன்னேன். வேறு பேச்சே இல்லை. அவருக்குப் பிரேக் பிடித்தது காலிலேயே தெரியும், என்னைக் கேட்க அவசியமே இல்லை. இருந்தாலும் கேட்டார்.

அடிவாரத்தில் போனுக்கு டவர் கிடைத்ததும் மணி அடித்தது. அக்கா. அத்தான் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டிக்கொண்டே, "எடுத்துப் பேசு" என்று கண்ணைக் காட்டினார்.

"எறங்கியாச்சுக்கா" என்றேன். "ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்."

பேச்சியக்கா அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது நான் கேட்டதே இல்லை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டி நின்றது. அத்தான் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

"பின்னால என்னல சத்தம்?" என்றாள் அக்கா.

"வால்வுக்கா" என்றேன்.